ஆரே ஆற்றங்கரைக் கவராயங்கள்

ஸ்விட்சர்லாந்தில் செய்த பழைய வரைகருவிப் பெட்டி ஒரு கையடக்கப் புத்தகத்தைவிடச் சற்றே பெரிதாக இருக்கும். வெளியே கறுப்புத் தோல், உள்ளே வெல்வெட். ஒவ்வொரு கருவிக்கும் அதனதன் உருவத்துக்கே குடைந்த குழி உண்டு. ஒன்றின் இடத்தில் இன்னொன்றை வைத்து மூட முடியாது. பெரிய கவராயம், அதன் ஒரு காலில் மாற்றி மாற்றிச் செருக ஒரு பென்சில் முனையும் ஒரு மை முனையும், பெரிய வட்டத்துக்குக் காலை நீட்டித் தரும் கம்பி, இரண்டு காலும் ஊசியாக முடியும் டிவைடர், திருகுச் சக்கரம் வைத்த குட்டிக் கவராயங்கள், கோடு இழுக்கும் ரூலிங் பென், மூட்டை இறுக்கவும் தளர்த்தவும் ஒரு சாவி, பென்சில் ஈயமும் உபரி ஊசிகளும் போட்டுவைக்க ஓர் உருளை டப்பி. தமிழ்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் பரீட்சைக்கு எடுத்துப்போகும் காம்பஸ் பாக்ஸ் இந்தப் பெட்டியின் ஏழை உறவுக்காரன்.

இதற்கு ஜெர்மன் மொழியில் ‘ரைஸ்ட்சோய்க்’ என்று பெயர். ‘ரைசன்’ என்ற வினைச்சொல்லுக்கு இன்று கிழித்தல் என்று பொருள் சொல்வார்கள். பழைய பொருள் கீறுதல், அதாவது வரைதல். யாழ்ப்பாணத்தில் ‘படம் கீறுதல்’ என்று சொல்வதும் இதே வழியில் வந்ததுதான். தாளோ பென்சிலோ மலிவாகக் கிடைக்காத காலத்தில் தச்சனும் கல்தச்சனும் கூரான முனையால் மரத்திலும் கல்லிலும் கீறித்தான் அளவு குறித்தார்கள். அந்தப் பழக்கம் இரண்டு மொழியிலும் சொல்லாகத் தங்கிவிட்டது.

ஐரோப்பாவில் இந்தக் கருவிகளுக்குப் பேர்பெற்ற ஊர்களில் ஒன்று ஆராவ். அது ஆரே ஆற்றின் கரையில் இருக்கிறது. அதே ஆற்றின் மேற்பகுதியில், பிரியன்ஸ் ஏரிக்கும் துன் ஏரிக்கும் நடுவே இருப்பது இன்டர்லாக்கன். ‘ஏரிகளுக்கு இடையே’ என்ற லத்தீன் தொடரிலிருந்து பிறந்த பெயர். ஆனால் நகராட்சியின் பெயர் 1891 வரை ‘ஆர்ம்யூலே’தான், ஆரே ஆற்று ஆலை என்று பொருள். பிரியன்ஸ் ஏரியிலிருந்து வெளிப்படும் ஆறு இந்த ஊர் வழியாகத் துன் ஏரியில் விழுந்து, மறுபடி கிளம்பி, பெர்ன், சோலோத்தூர்ன், ஓல்ட்டன் என்று போய் ஆராவைத் தொடுகிறது. கவராயம் செய்த ஊர் கீழே, அந்தக் கவராயத்துக்கு ஓயாமல் வேலை வைத்த மலைகள் மேலே. இரண்டையும் ஆற்றைவிட நெருக்கமாக இணைத்தது ஒரு குடும்பம்.

ஆராவில் பட்டு நாடா நெய்வித்துச் செல்வந்தரானவர் யோஹான் ருடோல்ஃப் மெயர் (1739–1813). நாட்டுக்கு ஒழுங்கான வரைபடம் இல்லையே என்ற குறை அவருக்கு இருந்தது. அரசு செய்யும் என்று காத்திராமல் சொந்தப் பணத்தை இறக்கினார். ஸ்ட்ராஸ்பூர்க்கிலிருந்து வந்த நில அளவையாளர் யோஹான் ஹைன்ரிஷ் வைஸும், எங்கெல்பெர்க் ஊர்க்காரரான யோவாகிம் யூகன் முல்லரும் மலை மலையாக ஏறி அளந்தார்கள். மலைகளின் வடிவத்தை முல்லர் சாந்தில் உருவாக்கிக் காட்டினார். 1796 முதல் 1802 வரை 16 தாள்களில் வெளிவந்த ‘சுவிஸ் அட்லஸ்’ அந்த உழைப்பின் பலன். நாடு முழுவதையும் அளந்து, ஒரே அளவுத்திட்டத்தில் போட்ட முதல் வரைபடத் தொகுப்பு அது.

வரைபடம் வேண்டுமென்றால் கருவி வேண்டும்; கருவி வேண்டுமென்றால் அதைச் செய்யவும் பழுதுபார்க்கவும் ஆள் வேண்டும். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் நல்ல கருவி என்றால் லண்டன்தான். பெர்ன் அரசு, கோணம் அளக்கும் ஒரு பெரிய தியோடலைட்டை அங்கே ஜெஸ்ஸி ராம்ஸ்டெனிடம்தான் செய்யச் சொன்னது. இந்த நிலையில் ஆராவில் பட்டறை போட்டு வரைகருவிகள் செய்யத் தொடங்கினார் எஸ்ஸர் என்ற கருவி வினைஞர். அவரிடம் தொழில் பயின்றவர் யாகோப் கெர்ன் (1790–1867). 1819இல் கெர்ன் தனிப் பட்டறை தொடங்கினார். அது பின்னாளில் கெர்ன் நிறுவனமாக வளர்ந்து 170 ஆண்டுக்கு மேல் நீடித்தது. எஸ்ஸரின் தொழில்வழியில் வந்த ஹொம்மெல்-எஸ்ஸர், கீசி ஆகியோரின் முத்திரைகளும் ஆராவ் கவராயங்களில் காணப்படுகின்றன. ஓர் ஊரில் ஒரு நல்ல ஆசாரி குடியேறினால் அவர் மாணாக்கர் வழியாகத் தெருவே அந்தத் தொழிலுக்குப் பேர்போவது கும்பகோணத்துக்கும் ஆராவுக்கும் பொது.

இனி ஆற்றின் மேற்பகுதிக்கு. இன்டர்லாக்கனின் நடுவில் ‘ஹோஹெமாட்டே’ என்ற பெரிய புல்வெளி இருக்கிறது. அங்கே நின்று தெற்கே பார்த்தால் பள்ளத்தாக்கின் வாயில் பனி மூடித் தெரியும் சிகரம் யுங்ஃப்ராவ், 4,158 மீட்டர். அதன் உச்சியில் முதன்முதலாக 1811 ஆகஸ்ட் 3 அன்று கால் வைத்தவர்கள் மேலே சொன்ன மெயரின் பிள்ளைகளான யோஹான் ருடோல்ஃபும் ஹியெரோனிமுஸும். வலே மாநில வேட்டைக்காரர் இருவர் வழிகாட்டிகளாகக் கூடப் போனார்கள். ஊரார் பலர் நம்பவில்லை. மறு ஆண்டே குடும்பத்தின் அடுத்த தலைமுறை இளைஞர் ஒருவர் மறுபடி ஏறிக்காட்டினார். இவர்கள் ஏறியது தெற்குப் பனியாற்றுப் பக்கமாக; இன்டர்லாக்கனில் இருந்தவர்கள் பார்த்துக்கொண்டிருந்தது வடக்கு முகத்தை.

அந்த முகத்தை ஏறாமலே அளந்த கதை இன்னும் பழையது. பெர்ன் நகரில் கணிதமும் இயற்பியலும் கற்பித்த யோஹான் கேயார்க் ட்ராலெஸ் 1788இல் துன் அருகே சமவெளியில் ஓர் அடிக்கோட்டை அளந்து, அதன் இரு முனைகளிலிருந்தும் பெர்ன் மாநிலச் சிகரங்களுக்குக் கோணம் பார்த்து உயரங்களைக் கணக்கிட்டார். 1790இல் நூலாகவும் வெளியிட்டார். 1791இல் ஆர்பெர்க் அருகே உள்ள சதுப்பு நிலத்தில் இன்னும் நீளமான, சுமார் 13 கிலோமீட்டர் அடிக்கோட்டை அளந்தபோது அவருக்குத் துணையாக இருந்தவர் ஃபெர்டினாண்ட் ஹாஸ்லர். அவரும் ஆராவில் பிறந்தவர்தான். பிறகு அமெரிக்கா போய் அந்நாட்டுக் கடற்கரை அளவைத் துறையின் முதல் தலைவரானார். நில அளவையாளர் லாம்ப்டன் சென்னைப் பரங்கிமலை அருகே இந்தியப் பெரும் முக்கோண அளவைக்கான அடிக்கோட்டைப் போட்டது இதற்குப் பதினோரு ஆண்டு கழித்து, 1802இல்.

களத்தில் கோணம் பார்ப்பது தியோடலைட்டின் வேலை. கோணம் பார்த்து முடித்துக் கூடாரத்துக்கோ அலுவலகத்துக்கோ திரும்பிய பிறகு கவராயத்தின் வேலை தொடங்கும். ஒரு முக்கோணத்தின் மூன்று பக்க நீளமும் கணக்கில் கிடைத்துவிட்டால் அதைத் தாளில் அமைக்கப் பாகைமானி தேவையில்லை. ஒரு பக்கத்தைக் கோடாகப் போட்டு, இரு முனைகளிலிருந்தும் மற்ற இரண்டு நீளங்களுக்கு வில் வெட்டினால் போதும், வெட்டும் இடம்தான் சிகரம். பாகைமானியால் கால் பாகை பிசகினாலும் தாளின் மறுகோடியில் அது பெரிய பிசகாகிவிடும். வில் வெட்டுவதில் பிசகு ஊசிமுனையின் பருமன் அளவுக்குத்தான். நீளம் மிகுந்தால் சாதாரணக் கவராயம் எட்டாது. அப்போது ஒரு சட்டத்தில் நகரும் இரண்டு முனைகளைக் கொண்ட சட்டக் கவராயத்தை எடுப்பார்கள்.

டிவைடர் தாளில் கோடே போடாது. அளவை எடுக்கும், இன்னோரிடத்தில் கொண்டுபோய் வைக்கும், அவ்வளவுதான். அளவுகோலை வைத்துப் படித்து, எண்ணாக மாற்றி, மறுபடி அந்த எண்ணைக் குறிப்பதில் இரண்டு முறை தவறு நேரலாம். டிவைடர் எண் பக்கமே போகாது. ஒரு கோட்டை ஏழு சமபாகமாக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். உத்தேசமாகக் காலை விரித்து ஏழு அடி நடத்துவார்கள். கடைசி அடி கோட்டின் முனையைத் தாண்டிப் போனால், தாண்டியதில் ஏழில் ஒரு பங்கைக் குறைத்து மறுபடி நடத்துவார்கள். மூன்றாம் நடையில் அநேகமாக அமர்ந்துவிடும். அந்த ‘ஏழில் ஒரு பங்கு’ தலைமுடிப் பருமனாகக்கூட இருக்கும்; கையால் அவ்வளவு நுட்பமாக விரிக்க முடியாது. அதற்காகவே நல்ல டிவைடரின் ஒரு காலுக்குள் மெல்லிய எஃகு வில்லும் பக்கவாட்டில் ஒரு குட்டித் திருகும் வைப்பார்கள். கால்களை விரிப்பது மூட்டின் வேலை, கடைசி மயிரிழை அந்தத் திருகின் வேலை.

மூட்டுதான் கவராயத்தின் உயிர்நாடி. கால்களை முழுக்க மூடியதிலிருந்து முழுக்க விரிப்பது வரை ஒரே இறுக்கம் இருக்க வேண்டும். ஓரிடத்தில் பிடித்து ஓரிடத்தில் வழுக்கினால் அந்தக் கருவி எதற்கும் உதவாது. ஆரம்பக் காலத்துக் கவராயங்களின் உடல் பித்தளை, முனைகள் எஃகு. 1820களில் ஜெர்மனியில் செம்பு, நிக்கல், துத்தநாகம் மூன்றையும் உருக்கிச் சேர்த்த உலோகம் சந்தைக்கு வந்தது. தமிழ்நாட்டுப் பாத்திரக் கடைகளில் ஜெர்மன் சில்வர் என்று விற்பதும் அதுதான். பெயரில் மட்டும் வெள்ளி. பித்தளையைவிடக் கடினம், பச்சை பிடிப்பது குறைவு, கைவியர்வையில் கறுத்தாலும் துடைத்தால் பளிச்சென்று வரும். ஆராவ்க்காரர்கள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். மூட்டில் ஜெர்மன் சில்வர் கன்னங்களுக்கு நடுவே எஃகுத் தகடு நுழையும். ஒரே உலோகம் ஒன்றோடொன்று உரசினால் கடித்துக்கொள்ளும். வேறு வேறு உலோகமானால் வழுவழுப்பாக ஓடும் என்பது பட்டறை அனுபவம்.

ரூலிங் பென்னை இன்றைய மாணவர் பார்த்தால் பேனா என்றே நினைக்கமாட்டார். ஒன்றையொன்று பார்த்த இரண்டு எஃகு அலகுகள், நடுவில் ஒரு திருகு. அதை மையில் தோய்க்கக் கூடாது. இறகாலோ துளிக்குச்சியாலோ அலகுகளுக்கு இடையே ஒரு சொட்டு விட வேண்டும். திருகை நெருக்கினால் மெல்லிய கோடு, தளர்த்தினால் தடித்த கோடு. வெளிப்பக்கம் மை ஒட்டியிருந்தால் அது அளவுகோலின் அடியில் ஓடி, பகல் முழுக்கப் போட்ட படத்தை ஒரு நொடியில் கெடுத்துவிடும். அலகு தேய்ந்தால் எண்ணெய்க் கல்லில் தீட்ட வேண்டும். அதிகம் தீட்டினால் தாளைக் கிழிக்கும், குறைவாகத் தீட்டினால் கோடு பிசிறும். கவராயத்தின் மை முனையும் இதே அமைப்புதான்.

வரைபடத்தை ஓர் அளவிலிருந்து இன்னோர் அளவுக்கு மாற்ற வேறொரு கவராயம் உண்டு. இரண்டு முனையிலும் ஊசிகள், நடுவில் நகர்த்தித் திருகக்கூடிய அச்சாணி. அச்சாணியை ஒரு புள்ளியில் நிறுத்தினால் ஒரு பக்கத்தில் எவ்வளவு விரிகிறதோ அதன் பாதியோ மூன்றில் ஒன்றோ மறுபக்கத்தில் விரியும். இந்த விகிதக் கவராயத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் பெயர் யோஸ்ட் பூர்கி. ஸ்விட்சர்லாந்தின் லிஷ்டென்ஷ்டைக் ஊரில் 1552இல் பிறந்து, காசெல் அரண்மனையில் கடிகாரம் செய்து, மடக்கை அட்டவணை வரை போனவர். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இக்கருவியை விளக்கி லெவினுஸ் ஹுல்சியுஸ் வெளியிட்ட சிறுநூல் பூர்கியின் பெயரிலேயே அதைக் குறிப்பிடுகிறது.

மெயர் தம் பணத்தில் தொடங்கியதை அரசு கையில் எடுத்தது ராணுவப் பொறியாளர் கியோம்-ஆன்ரி டுஃபூர் காலத்தில். 1838இல் ஜெனீவாவில் வரைபட அலுவலகம் அமைந்தது. 1845 முதல் இருபது ஆண்டுக் காலத்தில் 1:100,000 அளவில் 25 தாள்கள் வெளிவந்தன. எல்லாம் செம்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்டவை. வடமேற்கிலிருந்து வெயில் விழுவதுபோல் மலைச்சரிவுகளுக்கு நிழல் கொடுத்தவை. இந்த அளவில் ஒரு சென்டிமீட்டர் ஒரு கிலோமீட்டர். இன்டர்லாக்கனிலிருந்து யுங்ஃப்ராவ் சிகரத்துக்கு நேர்கோட்டில் டிவைடர் வைத்தால் சுமார் 18 சென்டிமீட்டர் விரியும். ஒரு சாண் என்று வைத்துக்கொள்ளலாம்.

அந்த ஒரு சாணுக்குள்தான் 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில் அத்தனை ரயில் பாதைகள் போட்டார்கள். இன்டர்லாக்கனிலிருந்து லவுட்டர்ப்ரூன்னனுக்கும் கிரிண்டெல்வால்டுக்கும் போகும் பெர்னீஸ் ஓபர்லாண்ட் ரயில் 1890. ஷினிகே பிளாட்டே மலை ரயிலும் வெங்கெர்ன்ஆல்ப் ரயிலும் 1893. செங்குத்தான இடங்களில் தண்டவாளங்களுக்கு நடுவே பல்சட்டம் பதித்து, எஞ்சினின் பல்சக்கரம் அதைப் பிடித்து ஏறும் முறை இவற்றில் பயன்பட்டது. பல்சட்டத்தில் பெரிய பெயர் நிக்லவுஸ் ரிக்கன்பாக். அவர் 1873இல் மலை ரயில்களுக்கென்று ஒரு நிறுவனத்தைக் கூட்டாளியோடு தொடங்கிய ஊர் எது என்றால், அதுவும் ஆராவ்தான். அங்கே வரைமேசையில் வேலை பார்த்த இளம் பொறியாளர் ரோமான் ஆப்ட் பின்பு தனியே ஒரு பல்சட்டம் வடிவமைத்தார். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899இலும் பிறகு ஊட்டிக்கு 1908இலும் ஓடத் தொடங்கிய நீலகிரி மலை ரயில், கல்லாறு தாண்டி ஏறுவது அந்த ஆப்ட் பல்சட்டத்தின் மேல்தான். அதன் பழைய நீராவி எஞ்சின்கள் பலவும் ஸ்விட்சர்லாந்தின் வின்டர்தூரில் கட்டப்பட்டவை.

இன்டர்லாக்கனுக்கு நெருங்கிய பெயர் எமில் ஸ்ட்ரூப். ஓபர்லாண்ட் ரயிலில் இன்ஸ்பெக்டராக இருந்து, மற்றவர்களின் பல்சட்டங்கள் எங்கே தேய்கின்றன, எங்கே பனி அடைக்கிறது என்பதைத் தினமும் பார்த்தவர். ரிக்கன்பாக் முறையில் ஏணிபோல இரண்டு சட்டங்களுக்கு நடுவே குறுக்குக் கம்பிகள் வரும். ஆப்ட் முறையில் பற்கள் கொண்ட தகடுகள் பக்கம் பக்கமாக நிற்கும். ஸ்ட்ரூப் இரண்டையும் விட்டுவிட்டு, தண்டவாளம் போன்ற ஒரே சட்டத்தின் தலையில் நேராகப் பல் வெட்டினார். பல்லுக்குப் பல் 100 மில்லிமீட்டர். இவ்வளவு பெரிய பல்லை நிஜ அளவிலேயே தாளில் வரைந்துவிடலாம். சக்கரப் பல் சட்டப் பல்லில் இறங்கி ஏறும்போது எங்கும் இடிக்காமல் இருக்க, பல்லின் பக்கவளைவைச் சிறு சிறு விற்களாகச் சேர்த்து வரைவார்கள். பெட்டியில் இருக்கும் திருகுச் சக்கரக் குட்டிக் கவராயங்கள் இதற்காகத்தான்; ஒருமுறை ஆரத்தை வைத்தால், நூறு பல் வரைந்தாலும் விலகாது.

ஸ்ட்ரூப் சட்டத்தை முதலில் பதித்தது யுங்ஃப்ராவ் ரயில்பாதையில். ஸூரிக் தொழிலதிபர் அடோல்ஃப் குயர்-ஸெல்லர் 1893 ஆகஸ்ட் 27 அன்று முர்ரன் பக்கம் மலைநடை போனபோது இந்த எண்ணம் தோன்ற, அன்றிரவே ஒரு தாளில் பாதையைக் கிறுக்கிவைத்தார். அது கையால் போட்ட கோடு. அதைப் பொறியாளர்கள் கவராயக் கோடாக மாற்றி, 1896 ஜூலையில் வேலை தொடங்கியது. ஏழு ஆண்டில் முடியும் என்றது திட்டம். பதினாறு ஆண்டு ஆயிற்று. குயர்-ஸெல்லர் 1899இலேயே காலமானார். 1912 ஆகஸ்ட் 1 அன்று 3,454 மீட்டர் உயரத்தில் யுங்ஃப்ராவ்யோக் நிலையம் திறந்தது. 9.3 கிலோமீட்டர் பாதையில் 7 கிலோமீட்டருக்கு மேல் ஐகர், ம்யோன்ஷ் மலைகளுக்குள் குடைந்த சுரங்கம்.

அதன் அதிகபட்ச ஏற்றம் 25 விழுக்காடு. நெடுக்குவெட்டுப் படத்தில் இதைக் காட்ட டிவைடரைக் கிடையாக நான்கு அடி நடத்தி, செங்குத்தாக ஓர் அடி வைத்தால் சரிவு கிடைத்துவிடும். வளைவின் குறைந்தபட்ச ஆரம் 100 மீட்டர். 1:1000 படத்தில் அது 10 சென்டிமீட்டர், பெட்டியில் உள்ள பெரிய கவராயமே போதும். 1:500 என்று பெரிதாக்கினால் 20 சென்டிமீட்டர், நீட்டுக் கம்பியைச் செருக வேண்டும். சமவெளி ரயில்களின் வளைவுகளுக்கு ஆரம் இதைப்போலப் பல மடங்கு. அவற்றைக் கவராயத்தால் வரைய முடியாது. மரத்திலோ தகட்டிலோ வெட்டிய வளைவு அச்சுகளை வைத்துத்தான் கோடு இழுப்பார்கள். மலைப்பாதை நெளிந்து நெளிந்து போவதால், வரைபவனுக்கு அது கைக்கு அடக்கமான வேலை.

ரயில் அல்லாத இடத்திலும் கவராயத்துக்கு வேலை இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் இன்டர்லாக்கனில் மரத்துண்டுகளைக் கோலம்போல இணைத்துத் தரை செய்யும் தொழிற்சாலையும், சாலே வகை மரவீடுகளைப் பாகம் பாகமாகச் செய்து ஏற்றுமதி செய்யும் தொழிலும் நடந்தன. வட்டமும் அறுகோணமும் நட்சத்திரமும் பின்னிய அந்தத் தரைகளின் மாதிரித் தாள்கள் முழுக்கக் கவராய வேலை.

போட்டி ஜெர்மனியிலிருந்து வந்தது. பவேரியாவில் நெஸ்ஸெல்வாங் ஊரின் ரீஃப்ளர் நிறுவனம் 1877இல் உருளைக் கால் கவராயத்துக்கு உரிமை பெற்றது. பட்டைக் கால்களைக் கையால் அரம் போட்டுச் செய்ய வேண்டும். உருளைக் கால்களைக் கடைசல் இயந்திரம் செய்துவிடும். ஆராவ் வகை பட்டைக் கவராயங்களை நுட்பத்துக்காக விரும்பியவர்கள் தொடர்ந்து வாங்கினார்கள். விலையைப் பார்த்தவர்கள் மாறினார்கள். கெர்ன் நிறுவனம் வரைகருவியோடு நிற்காமல் தியோடலைட், தொலைநோக்கி, சினிமாக் கேமரா லென்ஸ் என்று பலவற்றுக்குப் போனது. போலெக்ஸ் கேமராக்களில் இருந்த ‘ஸ்விட்டார்’ லென்ஸ்கள் ஆராவில் செய்தவை.

கவராயத்தை முதலில் ஆட்டங்காண வைத்தது கணினி அல்ல, குழாய் முனைப் பேனா. 1950களில் பரவிய அந்தப் பேனாவில் கோட்டின் பருமன் முனையிலேயே நிலையாக இருந்தது. அலகு தீட்டும் கலை அதோடு போயிற்று. பிறகு வட்டங்களுக்குத் துளைபோட்ட பிளாஸ்டிக் அச்சுகள் வந்தன. 1980களில் வரைமேசையே கணினித் திரைக்கு இடம்விட்டது. 1988இல் கெர்ன் நிறுவனத்தை வில்ட் லைட்ஸ் நிறுவனம் வாங்கியது. 1991இல் ஆராவ் ஆலை மூடப்பட்டது. நிறுவனத்தின் கருவிச் சேகரிப்பு ஆராவ் நகர அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

பழைய பெட்டிகள் இப்போது சேகரிப்போர் கையில் சுற்றுகின்றன. மூட்டின் தலையிலோ காலின் உட்பக்கத்திலோ ‘கெர்ன், ஆராவ்’ என்ற பொறிப்பைத் தேடுவார்கள்; பிறகு மூட்டை விரித்துப் பார்ப்பார்கள்; கடைசியாக ஊசிகளை. ஊசி பெரும்பாலும் மாற்றப்பட்டிருக்கும், மொட்டையாகியிருக்கும், அல்லது காணாமலே போயிருக்கும். அந்த ஊசி செய்த வேலையைப் பழைய படங்களின் முதுகுப்பக்கத்தில் பார்க்கலாம். ஒரு பாலத்தின் மூலவரைபடத்தை வெளிச்சத்தில் பிடித்தால் ஒவ்வொரு வட்டத்தின் மையத்திலும் ஒரு பொட்டுத் துளை தெரியும். ஒரு மையத்தில் பல வட்டங்கள் போட்டிருந்தால் துளை சற்றே அகன்றிருக்கும். மையம் இல்லாத இடங்களில், கோட்டின் முனைகளில் மட்டும் மெல்லிய துளைகள் வரிசையாக இருந்தால் அது அநேகமாக மூலப்படம் அல்ல. மேலே இன்னொரு தாளை வைத்து ஊசியால் குத்தி எடுத்த நகல்.